சோடியம் தண்ணீரில் வெடிக்கும் என்றால், கல்பாக்கம் உலையில் அது எப்படிக் குளிர்விப்பானாக இருக்கிறது?

கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையின், அதாவது தான் எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் வகை அணு உலையின், உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச் 4 அன்று தொடங்கியது. அந்த உலையைக் குளிர்விப்பது தண்ணீர் இல்லை, திரவ சோடியம். ஏறத்தாழ 1,750 டன். பள்ளி ஆய்வகத்தில் ஒரு கடுகளவு சோடியத்தைத் தண்ணீரில் போட்டாலே சீறிக்கொண்டு ஓடும். கொஞ்சம் பெரிய துண்டு என்றால் வெடிக்கும். கடற்கரையை ஒட்டி, நீராவியால் சுழலும் டர்பைன் உள்ள ஒரு நிலையத்தில் அதை டன் கணக்கில் வைத்திருப்பது எப்படிச் சரியாகும் என்று பலரும் கேட்கிறார்கள். "நாம் சாப்பிடும் உப்பிலும் சோடியம்தானே, அது ஏன் வெடிப்பதில்லை?" என்பது இன்னொரு கேள்வி. மின்ஸ்கூட்டர் தீப்பிடித்த செய்தி வந்தால், "உள்ளே லித்தியம், தண்ணீர் ஊற்றவே கூடாது" என்ற எச்சரிக்கையும் கூடவே சுற்றத் தொடங்கிவிடுகிறது.

மூன்று குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். சோடியம், லித்தியம் என்ற பெயரைக் கேட்டவுடன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அந்த அணுவின் கடைசி எலக்ட்ரான் இன்னும் அதனிடம் இருக்கிறதா, போய்விட்டதா? இதற்கு விடை தெரிந்தால் மற்றவை வரிசையாகப் புரியும்.

## உப்பில் இருக்கும் சோடியமும் உலையில் இருக்கும் சோடியமும்

லித்தியம், சோடியம், பொட்டாசியம், ரூபிடியம், சீசியம், பிரான்சியம் ஆகிய ஆறும் தனிம வரிசை அட்டவணையின் முதல் தொகுதியில், ஹைட்ரஜனுக்குக் கீழே நிற்கின்றன. இவைதான் கார உலோகங்கள். ஆறுக்கும் பொதுவான அடையாளம், வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒன்றை விட்டுவிட்டால் அடியில் இருப்பது நிறைவான 8. எனவே வாங்கிக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தால் போதும், கொடுத்துவிடும்.

கொடுத்த பிறகு மிஞ்சுவது சோடியம் அயனி. ஒரு நேர்மின்சுமை கொண்டது, நிலையானது. சமையல் உப்பிலும் கடல் நீரிலும் ரத்தத்திலும் இருப்பது இதுதான். "சோடியம் குறைந்திருக்கிறது" என்று மருத்துவர் சொல்வதும் இந்த அயனியைத்தான். தண்ணீருக்குக் கொடுக்க இதனிடம் எலக்ட்ரான் இல்லை, அதனால் வினையும் இல்லை.

உலையில் ஓடுவது எலக்ட்ரானை இன்னும் விடாத உலோகம். வெள்ளிபோல் பளபளக்கும், கத்தியால் வெட்டலாம். இயற்கையில் இப்படித் தனி உலோகமாக எங்கும் கிடைப்பதில்லை. தண்ணீரும் ஆக்சிஜனும் நிறைந்த பூமியில் அது தங்காது. 1807 அக்டோபரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி எரிபொட்டாசுக்குள் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) மின்சாரத்தைச் செலுத்தி முதலில் பொட்டாசியத்தையும், சில நாட்களில் எரிசோடாவிலிருந்து (சோடியம் ஹைட்ராக்சைடு) சோடியத்தையும் பிரித்தெடுத்தார். இழந்த எலக்ட்ரானை அயனிக்குள் மறுபடி ஏற்ற அவ்வளவு மின்னாற்றல் தேவைப்பட்டது. உலோகத்தில் இருப்பு வைக்கப்பட்டிருக்கும் அந்த ஆற்றல்தான் தண்ணீரைத் தொட்டதும் வெளியே வருகிறது.

இதே கேள்வியைச் சுண்ணாம்புக்கும் போட்டுப் பார்க்கலாம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது கொதித்துப் பொங்குகிறது. ஆனால் ஹைட்ரஜன் வருவதில்லை, தீயும் பிடிப்பதில்லை. சுட்ட சுண்ணாம்பில் உள்ள கால்சியம் தன் எலக்ட்ரான்களை ஏற்கெனவே ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிட்டது. சூடு உண்டு, காரமும் உண்டாகிறது, ஆனால் எலக்ட்ரான் கைமாறவில்லை.

## தண்ணீரில் விழுந்ததும் நடப்பவை

வினையைச் சொற்களில் எழுதினால்:

2 சோடியம் + 2 நீர் → 2 சோடியம் ஹைட்ராக்சைடு + 1 ஹைட்ரஜன்

இதற்குள் நான்கு நிகழ்வுகள் இருக்கின்றன.

1. உலோகத்திலிருந்து எலக்ட்ரான் தண்ணீருக்குள் போகிறது. மிஞ்சிய சோடியம் அயனி கரைகிறது.

2. எலக்ட்ரானை வாங்கிய நீர் மூலக்கூறு உடைகிறது. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாக வெளியேறுகின்றன. பின்னால் தங்குவது, ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் எதிர்மின்சுமையோடு சேர்ந்த ஹைட்ராக்சைடு அயனி.

3. சூடு பிறக்கிறது. சோடியத்தின் உருகுநிலை 98 டிகிரி செல்சியஸ்தான். அந்தச் சூட்டில் அதுவே உருகி உருண்டையாகிவிடும். அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு, 0.97. எனவே மிதக்கும், அடியில் கிளம்பும் வாயு அதை அங்கும் இங்கும் தள்ளும்.

4. ஹைட்ரஜன் காற்றோடு கலந்து பற்றலாம். காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் எரியக்கூடியது. சோடியம் ஆவி தீயை மஞ்சளாக்கும், பொட்டாசியம் இளம் ஊதாவாக்கும்.

அளவுகளையும் பார்த்துவிடலாம். 23 கிராம் சோடியத்தை ஒரு மோல் என்கிறோம். மோல் என்பது குறிப்பிட்ட ஓர் எண்ணிக்கை அணுக்கள் அல்லது மூலக்கூறுகள்; எனவே அதன் எடை பொருளுக்குப் பொருள் மாறும். அது முழுதும் வினைபுரிந்தால் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 12 லிட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும், 184 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். 30 டிகிரியில் இருக்கும் 600 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இந்த வெப்பம் போதும். தண்ணீரில் கரைந்து நிற்கும் சோடியம் ஹைட்ராக்சைடு 40 கிராம். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பேச வேண்டும்; வீடியோ எடுப்பவர்கள் தீ அடங்கியதும் கேமராவை அணைத்துவிடுவதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

## சீசியத்தைவிட லித்தியம் அதிக ஆற்றல் தருகிறது

பட்டியலில் கீழே போகப்போக வினை கடுமையாகும் என்று படிக்கிறோம். லித்தியம் நிதானமாகக் குமிழிவிடும், சோடியம் சீறும், பொட்டாசியம் விழுந்தவுடன் தீப்பிடிக்கும், ரூபிடியமும் சீசியமும் வெடிக்கும். இதற்குச் சொல்லப்படும் காரணமும் சரியானதே. கீழே போகப்போக அணு பெரிதாகிறது, கடைசி எலக்ட்ரான் கருவைவிட்டு விலகுகிறது, அதைப் பிடுங்க ஆகும் ஆற்றல் குறைகிறது. ஒரு மோலுக்கு லித்தியத்தில் 520 கிலோஜூல், சோடியத்தில் 496, பொட்டாசியத்தில் 419, சீசியத்தில் 376.

ஆனால் இதிலிருந்து பலர் "சீசியத்தில்தான் ஆற்றல் அதிகம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது தவறு. ஒரு மோலுக்கு வெளிப்படும் மொத்த வெப்பம் லித்தியத்துக்கு ஏறத்தாழ 222 கிலோஜூல், சோடியத்துக்கு 184, சீசியத்துக்கு 203. கிராம் கணக்கில் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது: ஒரு கிராம் லித்தியம் 32 கிலோஜூல் தரும், ஒரு கிராம் சீசியம் ஒன்றரை கிலோஜூல் மட்டுமே. லித்தியம் அயனி மிகச் சிறியது. நீர் மூலக்கூறுகளை மிக நெருக்கமாக இழுத்துச் சுற்றிக்கொள்கிறது. எலக்ட்ரானைப் பிடுங்க அதிகம் செலவானாலும், இந்தப் பிணைப்பில் கிடைக்கும் ஆற்றல் அதை ஈடுகட்டிவிடுகிறது.

அப்படியானால் வெடிப்பது ஏன் சீசியம்? வேகத்தால். லித்தியத்தின் உருகுநிலை 180 டிகிரி. தண்ணீரில் அது திடமாகவே இருக்கும், வினை மேற்பரப்பில் மட்டும் மெல்ல நடக்கும், பிறக்கும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். சீசியம் 28.5 டிகிரியில் உருகிவிடும், அதாவது நம் ஊர் வெயிலே போதும். எலக்ட்ரானையும் எளிதில் விடும். அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் மூழ்கும். வெடிப்பு தண்ணீருக்கு அடியில் நடப்பதால் கண்ணாடித் தொட்டி உடைகிறது. எவ்வளவு ஆற்றல் என்பதும் எவ்வளவு வேகத்தில் என்பதும் வெவ்வேறு கேள்விகள். பாடநூல்கள் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் விடுவது பெரிய குறை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பாதுகாப்புப் பற்றிய எந்தப் பேச்சிலும் இரண்டாவது கேள்விதான் தீர்மானிக்கிறது.

## வெடிப்புக்குக் காரணம் ஹைட்ரஜன் தீ மட்டும்தானா?

நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட விளக்கம் எளிமையானது: சூடு பிறக்கிறது, ஹைட்ரஜன் பற்றுகிறது, வெடிக்கிறது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. உலோகத்தைச் சுற்றி நீராவியும் ஹைட்ரஜனும் ஒரு படலமாகச் சூழ்ந்தவுடன் தண்ணீருக்கும் உலோகத்துக்கும் தொடர்பு அறுந்துபோக வேண்டும். வினை தன்னைத்தானே தணித்துக்கொள்ள வேண்டும். ஆனால் நடப்பது நேரெதிர்.

2015இல் செக் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பாவெல் யுங்விர்த், பிலிப் மேசன் குழுவினர் இதற்கு விடை சொன்னார்கள். சோடியமும் பொட்டாசியமும் கலந்த கலவை அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும். அதன் துளி ஒன்றைத் தண்ணீரில் விழவிட்டு அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். துளி தண்ணீரைத் தொட்ட ஒரு மில்லி விநாடிக்குள்ளேயே அதன் மேற்பரப்பிலிருந்து உலோக முட்கள் தண்ணீருக்குள் பாய்ந்தன. ஹைட்ரஜன் பற்றுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அவர்கள் தந்த விளக்கம்: மேற்பரப்பு அணுக்களின் எலக்ட்ரான்கள் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல கோடி மடங்கு குறைவான நேரத்தில் தண்ணீருக்குள் போய்விடுகின்றன. பின்னால் நிற்பவை எல்லாம் நேர்மின்சுமை கொண்ட அயனிகள். ஒரே மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்குவதால் உலோகத்தின் மேற்பரப்பே சிதறி முட்களாக வெடிக்கிறது. இதற்குக் கூலும் வெடிப்பு என்று பெயர். முட்கள் வந்ததும் தண்ணீரைத் தொடும் பரப்பு பெருகுகிறது, வாயுப் படலத்தால் வினையைத் தடுக்க முடிவதில்லை. அதே படங்களில் துளியைச் சுற்றி ஒரு கணம் நீல ஊதா நிறம் தெரிந்தது. அது தண்ணீருக்குள் போன எலக்ட்ரான்களின் நிறம்.

திடமான துண்டு சில நேரம் வெடிக்காமல் எரிந்து முடிவதும், உருகிய பிறகு திடீரென்று வெடிப்பதும் இதனால் விளங்கும். மேற்பரப்பு சிதற வேண்டுமென்றால் உலோகம் திரவமாக இருக்க வேண்டும்.

## மிஞ்சும் காரம்

இனி தண்ணீரில் தங்கிவிட்ட ஹைட்ராக்சைடுக்கு வருவோம். இங்கே அமிலம், காரம் பற்றிய அடிப்படை தேவைப்படுகிறது.

1. 1884இல் தன் ஆய்வேட்டில் அர்ரேனியஸ் முன்வைத்த கருத்தின் வழி வந்த வரையறைப்படி, தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். தண்ணீரில் நன்றாகக் கரையும் காரத்தை எரிகாரம் என்பார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது கடைகளில் காஸ்டிக் சோடா என்று விற்பது, இந்த வகை.

2. 1923இல் பிரான்ஸ்டெட், லோரி ஆகிய இருவரும் தனித்தனியாக இதை விரிவாக்கினார்கள். ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். இந்தப் பார்வையில் தண்ணீர் இரண்டுமாக இருக்கக்கூடியது. அம்மோனியா போன்றவற்றில் ஹைட்ராக்சைடு இல்லாவிட்டாலும் அவை காரமாக இருப்பது இதனால் புரிகிறது.

3. தூய நீரில் 25 டிகிரியில் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சமம். லிட்டருக்கு ஒரு மோலில் ஒரு கோடியில் ஒரு பங்கு. ஒன்று கூடினால் மற்றது அதே விகிதத்தில் குறையும்.

4. இந்தச் சிறிய எண்களைக் கையாள 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் பிஹெச் அளவுகோலை உருவாக்கினார். தூய நீர் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு.

பத்து மடங்கு என்பதன் கனத்தைச் சோடியத்தை வைத்தே உணரலாம். 2.3 கிராம் சோடியம் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதும் வினைபுரிந்தால் பிஹெச் 13. அதை வெறும் தண்ணீர் சேர்த்தே 10க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் மொத்தம் ஆயிரம் லிட்டர் ஆக வேண்டும். வெறும் 23 மில்லிகிராம் சோடியமே ஒரு லிட்டரை 11க்கு உயர்த்திவிடும். கல்யாண வீட்டு ஆரத்தியில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவது இதே காரத்தின் அடையாளம்தான். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் பிஹெச் 8 அளவைத் தாண்டும்போது சிவக்கத் தொடங்குகிறது.

ஒரு நுணுக்கம்: உலோகம் தண்ணீரோடு புரியும் வினை அமில கார வினை இல்லை. எலக்ட்ரான் கைமாறுவதால் அது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை. அதன் விளைபொருள்தான் காரம். ஆனாலும் எதிரே இருக்கும் திரவம் எவ்வளவு அமிலத்தன்மை கொண்டது என்பது வேகத்தைப் பாதிக்கும். லிட்டருக்கு ஒரு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜன் அயனி, தூய நீரில் இருப்பதைப்போல் ஒரு கோடி மடங்கு. சோடியம் அதில் இன்னும் மூர்க்கமாக வெடிக்கும். எத்தனாலில் மெதுவாகக் கரையும். ஆய்வகத்தில் மிஞ்சிய சோடியத் துணுக்குகளை ஆல்கஹாலில் போட்டு அழிப்பதற்குக் காரணம் இதுவே.

காரம் தோலில் பட்டால் வழுவழுப்பாக இருக்கும். தோலிலுள்ள கொழுப்பு சோப்பாக மாறுவதால் வரும் வழுவழுப்பு அது. அமிலம் பட்ட இடத்தில் புரதம் கெட்டியாகி ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் புரதத்தையும் கொழுப்பையும் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் வலி குறைவாகத் தெரிவதால் ஆட்கள் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

"காரம் பட்டால் எலுமிச்சையோ வினிகரோ தடவு, நடுநிலையாகிவிடும்" என்ற அறிவுரை காகிதத்தில் சரி, உடம்பில் தவறு. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து நீராகும்போது ஒரு மோலுக்கு 57 கிலோஜூல் வெப்பம் வருகிறது. வெந்த தோலில் மேலும் சூடு. அளவு பார்த்து ஊற்றவும் முடியாது, தேடி எடுப்பதற்குள் நேரமும் போய்விடும். செய்ய வேண்டியது ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவுவது, பிறகு மருத்துவமனை. உலோகத் துணுக்கே தோலில் ஒட்டியிருந்தால் மட்டும் முதலில் உலர்ந்த இடுக்கியால் அதை எடுத்துவிட வேண்டும், அப்புறம்தான் தண்ணீர்.

காரம் எங்கே போகிறது என்பதை முன்கூட்டி யோசித்த ஒரு சம்பவம் 1947இல் நடந்தது. போர் முடிந்து மிஞ்சிப்போன 20,000 பவுண்டு சோடியத்தை, ஏறத்தாழ 9 டன், அமெரிக்க அரசு வாஷிங்டன் மாநிலத்தின் லெனோர் ஏரியில் உருட்டிவிட்டது. பீப்பாய்கள் ஒவ்வொன்றாகப் பெரும் வெள்ளைப் புகையோடு வெடிக்கும் அந்தப் படச்சுருள் இன்றும் பரவலாகப் பார்க்கப்படுகிறது. அந்த ஏரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் தண்ணீர் ஏற்கெனவே காரத்தன்மை மிகுந்தது என்பது. இன்று அப்படி எந்த ஏரியிலும் கொட்ட யாரும் அனுமதிக்கக் கூடாது, அது வேறு விஷயம்.

## கல்பாக்கத்தில் சோடியம் ஏன்?

அதிவேக ஈனுலையில், அணுக்கருக்களைப் பிளக்கும் துகள்களான நியூட்ரான்களின் வேகம் குறையக் கூடாது. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரானின் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடும், எனவே தண்ணீர் உதவாது. சோடியம் அப்படிக் குறைப்பதில்லை. வெப்பத்தைத் தண்ணீரைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு நன்றாகக் கடத்தும். கொதிநிலை 883 டிகிரி. உலையில் அதன் உச்ச வெப்பநிலை 547 டிகிரிதான். ஆகவே பெரிய அழுத்தம் இல்லாமலே அது திரவமாக இருக்கும். பரவலாக உள்ள அழுத்த நீர் உலைகளில் தண்ணீரைத் திரவமாக வைத்திருக்க 150 வளிமண்டலத்துக்கும் மேல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் கலக்காமல் பார்த்துக்கொண்டால் எஃகை அரிப்பதும் இல்லை.

தண்ணீருக்கும் சோடியத்துக்கும் இடையே உள்ள ஏற்பாடு இதுதான்:

1. உலையைத் தொடும் முதல் சுற்றுச் சோடியம் தண்ணீர் இருக்கும் பக்கமே வராது. நியூட்ரான் பட்டதால் அதில் 15 மணி நேர அரை ஆயுள் கொண்ட கதிரியக்கச் சோடியம் உண்டாகியிருக்கும்.

2. அது தன் வெப்பத்தை இரண்டாம் சுற்றுச் சோடியத்துக்குக் கொடுக்கிறது. இதில் அந்தக் கதிரியக்கம் இல்லை. தண்ணீரோடு வினை நடந்துவிட்டாலும் கதிரியக்கப் பொருள் அதில் சிக்கக் கூடாது என்பதற்காகவே இப்படி ஒரு நடுச்சுற்று. சோடியம் உலை கட்டுவதில் ஆகும் கூடுதல் செலவில் ஒரு பகுதி இதற்குத்தான்.

3. இரண்டாம் சுற்றுச் சோடியம் நீராவி உற்பத்திக் கலன்களுக்குப் போகிறது. அங்கே குழாய்களுக்குள் தண்ணீர், வெளியே சோடியம். உலை முழுவதிலும் இரண்டும் நெருங்கும் இடம் இது ஒன்றே. நடுவே இருப்பது குழாயின் எஃகுச் சுவர்.

4. காற்று படும் இடங்களில் சோடியத்தின் மேல் ஆர்கான் வாயு நிரப்பப்படுகிறது. ஆர்கான் எதனோடும் வினைபுரியாது.

குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? உள்ளே நீராவி 170 வளிமண்டலத்துக்குப் பக்கத்தில் அழுத்தத்தில் இருக்கிறது. சோடியம் மிகக் குறைந்த அழுத்தத்தில். எனவே தண்ணீர்தான் சோடியத்துக்குள் பீறிட்டுப் பாயும். அங்கே எரியக் காற்று இல்லை, ஹைட்ரஜன் தீ இல்லை. அதைவிட ஆபத்தானது, சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த அந்தப் பீறிடல் பக்கத்துக் குழாயின் சுவரை அரித்து ஓட்டையாக்குவது. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். மேலே பார்த்த எரிகாரம் இங்கே எஃகைத் தின்கிறது.

அதனால் கண்டுபிடிக்கும் வேகம்தான் எல்லாம். வினையில் பிறந்த ஹைட்ரஜன் சோடியத்தில் கரையும். மெல்லிய நிக்கல் சவ்வு ஹைட்ரஜனை மட்டும் ஊடுருவ விடும். அதன் வழியே வருவதை அளந்து கசிவைத் தொடக்கத்திலேயே பிடிக்கிறார்கள். மின்வேதி உணரிகளும் உண்டு. கசிவு உறுதியானால் தண்ணீர்ப் பக்கம் அடைக்கப்பட்டு வடிக்கப்படும். அழுத்தம் சட்டென்று ஏறினால் அதற்கென்றே வைத்த மெல்லிய தகடுகள் உடைந்து வாயுவுக்கு வழிவிடும்.

இதெல்லாம் அனுபவத்தில் கற்றவை. கஜகஸ்தானில் அன்று செவ்சென்கோ என்றழைக்கப்பட்ட நகரின் பிஎன்-350 உலையில் 1973இல் நீராவிக் கலன்களில் பெரிய அளவில் இந்த வினை நடந்தது. ஸ்காட்லாந்தின் டூன்ரே உலையில் 1987இல் ஒரு குழாயில் தொடங்கிய கசிவு, சில விநாடிகளுக்குள் ஏறத்தாழ 40 குழாய்களை உடைத்தது. என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான பாடம் அந்தச் சில விநாடிகள்தான். "ஆபரேட்டர் பார்த்து நடவடிக்கை எடுப்பார்" என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை என்பது அன்று தெளிவானது. அதே டூன்ரேயில் 1977 மே மாதம், தண்ணீர் தேங்கிய 65 மீட்டர் ஆழக் கழிவுக் கிணற்றில் போடப்பட்ட சோடியமும் பொட்டாசியமும் ஹைட்ரஜனை உண்டாக்கி வெடித்து, கான்கிரீட் மூடியையே தூக்கியெறிந்தன. உலைக்குள் அவ்வளவு கட்டுப்பாடு, குப்பைக் கிணற்றில் எதுவும் இல்லை.

ஜப்பானின் மோன்ஜு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று நடந்தது வேறு வகை. இரண்டாம் சுற்றில் ஒரு வெப்பமானி உறை முறிந்து, ஏறத்தாழ 640 கிலோ சோடியம் அறைக்குள் ஒழுகி, காற்றில் எரிந்தது. கதிரியக்கம் வெளியாகவில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனால் சேதத்தைக் காட்டும் வீடியோவை நிர்வாகம் மறைத்தது வெளிவந்து மக்களின் நம்பிக்கை போனது. 2016இல் உலையை மூட முடிவானது. சோடியம் தீயில் தண்ணீரும் ஆகாது, கார்பன் டை ஆக்சைடும் ஆகாது. சூடான சோடியம் அதோடும் வினைபுரியும். உலர்ந்த உப்பு, சோடா சாம்பல் போன்ற பொடிகளால் மூடிக் காற்றைத் தடுப்பதே வழி.

ஆக, கல்பாக்கத்தில் சோடியம் இருப்பதே பேராபத்து என்று சொல்வது சரியில்லை. வினைபுரியவே வழியில்லை என்பதும் சரியில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் குறிப்பானவை: குழாய்ப் பற்றவைப்புகளின் தரம் என்ன, ஹைட்ரஜன் உணரிகள் எத்தனை விநாடியில் சொல்கின்றன, கசிவு நேர்ந்தால் பொதுமக்களுக்கு அந்தத் தகவல் எப்போது வருகிறது.

## பேட்டரித் தீயும் பட்டன் பேட்டரியும்

ஸ்கூட்டரிலும் கைபேசியிலும் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியில் லித்தியம் பெரும்பாலும் உலோகமாக இருப்பதில்லை. கார்பன் அடுக்குகளுக்கும் ஆக்சைடுக்கும் இடையே போய்வரும் அயனியாக இருக்கிறது. அங்கே எரிவது முக்கியமாக எளிதில் தீப்பற்றும் கரைப்பான். தீயணைப்புத் துறையினர் ஏராளமான தண்ணீரைப் பாய்ச்சுவது சரியான முறையே. சூட்டைத் தணித்தால்தான் அடுத்த செல்லுக்குத் தீ பரவாது. அருகில் நிற்பவர்கள் விலகி, நச்சுப் புகையைச் சுவாசிக்காமல் இருப்பது முதல் வேலை.

வீட்டில் உண்மையாகப் பயப்பட வேண்டியது பட்டன் பேட்டரிக்கு. ரிமோட்டிலும் பொம்மையிலும் எடைபார்க்கும் கருவியிலும் இருக்கும் 20 மில்லிமீட்டர் அகல, 3 வோல்ட் வட்டு, சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். உள்ளிருந்து ஏதோ ஒழுகிச் சுடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒழுகவே வேண்டாம். ஈரமான திசு இரு முனைகளையும் இணைத்தவுடன் மின்சாரம் ஓடுகிறது. எதிர்முனையிலிருந்து எலக்ட்ரான் அங்குள்ள நீருக்குள் போகிறது. நீர் உடைந்து ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் உண்டாகின்றன. சோடியத் துண்டு தண்ணீரில் செய்யும் அதே வினை, எலக்ட்ரானைக் கொடுப்பது மட்டும் பேட்டரி. அந்த இடத்தில் பிஹெச் 12, 13 வரை ஏறும். இரண்டே மணி நேரத்தில் கடுமையான காயம் உண்டாகலாம். பேட்டரியை எடுத்த பிறகும் காரம் உள்ளே ஊடுருவிக்கொண்டிருக்கும்.

1. குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும். எக்ஸ்ரே எடுத்து உடனே அகற்றக்கூடிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். எக்ஸ்ரேயில் நாணயம்போலத் தெரியலாம், எனவே பேட்டரியாக இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

2. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சோறு, வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்கக் கூடாது.

3. ஒரு வயது கடந்த குழந்தை விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, விழுங்கவும் முடிகிறது என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம், ஆறு முறை வரை. அது பேட்டரியின் மேல் படிந்து காரத்தின் வேகத்தைக் குறைக்கும். தேன் தேடிக்கொண்டு புறப்படத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேனே கூடாது.

4. மூக்கிலும் காதிலும் மாட்டிக்கொண்டாலும் இதே வினை நடக்கும், இதே அவசரம்.